பாதித் தூரம்

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம யூட்யூபை மேய்ஞ்சுகிட்டு இருந்தப்போ ஒரு பழைய காணொளி மாட்டுச்சு. 2012-ம் வருஷம், இத்தாலியில கவிராத்தேங்கிற ஊர். மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச துடுப்புப் படகுப் போட்டி. ஜெயிச்சவர் இஸ்ரேலின் மோரன் சாமுவேல். மேடையில தேசிய கீதம் போடணும், ஆனா ஒலிப்பதிவு கையில இல்லை. அவர் ஜெயிப்பார்னு யாரும் எதிர்பார்க்கலை போல. அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? மைக்கை வாங்கி, தானே பாடி முடிச்சுட்டாங்க!

இந்தப் பெண்களோட கதையை அப்புறம் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட ஒரே ஒரு எண் வந்து குறுக்கே நின்னுச்சு. 1000.

உலகப் போட்டிகளில் துடுப்புப் படகுப் பந்தயம்னா 2000 மீட்டர். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களை முதல்முறையாக இந்த விளையாட்டில் சேர்த்தப்போ, அவங்களுக்கு மட்டும் 1000 மீட்டர் போதும்னுட்டாங்க. 1984 லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் அதே கதைதான். 1985-ல் பெல்ஜியத்தின் ஹாசவிங்கல் உலக சாம்பியன்ஷிப்பிலும், 1988-ல் சியோல் ஒலிம்பிக்கிலும்தான் பெண்களுக்கு முழுத்தூரம் கிடைச்சது.

எனக்கு இது புதுசில்லை. எங்க பள்ளிக்கூடத்தில் 1500 மீட்டர் பசங்களுக்கு மட்டும்தான். ஏன் சார்னு கேட்டதுக்கு, "மயங்கி விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"ன்னார் பி.டி. மாஸ்டர். அதுவரைக்கும் அங்கே ஒருத்தியும் மயங்கி விழுந்ததில்லை :)

சரி, விஷயத்துக்கு வருவோம். 2002-ல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மாற்றுத்திறனாளிகளும் படகு வலிச்சாங்க. 2008 பெய்ஜிங்கில் பாராலிம்பிக்குக்குள்ளேயும் வந்தாச்சு. தூரம்? 1000 மீட்டர்! பெண்கள் கழட்டிப் போட்ட பழைய சட்டையை எடுத்து அப்படியே இவங்களுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

இந்தப் படகைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். சாதாரணப் பந்தயப் படகில் உட்காரும் பலகை முன்னும் பின்னும் நகரும். வேகத்தில் பெரும்பங்கு காலை உதைச்சுத் தள்ளுறதில் இருந்துதான் வருது. பி.ஆர்.1 பிரிவில் இருக்கிறவங்களுக்குக் காலும் இல்லை, இடுப்பும் இல்லை. தோளும் கையும் மட்டும்தான். இருக்கை அசையாது. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை போட்டு இருக்கையோடு கட்டிடுவாங்க. படகு கவிழாம இருக்க ரெண்டு பக்கமும் சின்ன மிதவைகள். உடம்பை முன்னே சாய்ச்சு எட்டி வலிக்க முடியாததால ஒவ்வொரு வலிப்பும் குட்டையாத்தான் இருக்கும். அதனால நிறைய வலிக்கணும்.

பெய்ஜிங்கில் இந்தப் பிரிவில் தங்கம் வாங்கியவர் பிரிட்டனின் ஹெலன் ரெய்ன்ஸ்ஃபோர்ட். ஒரு காலத்தில் பாலே ஆடினவர்! 2016 ரியோவில் ஜெயிச்ச ரேச்சல் மோரிஸும் பிரிட்டன்தான். அவர் ஏற்கனவே 2008-ல் கைச்சைக்கிளில் தங்கம் வாங்கினவர். 2012 லண்டனில் சக நாட்டு வீராங்கனை கேரன் டார்க்கோட கையைப் பிடிச்சுக்கிட்டே கோட்டைத் தாண்டினார். வெண்கலத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்னு நினைப்பு. நடுவர்கள் ஒத்துக்கலை, பதக்கம் மோரிஸுக்கு மட்டும் போச்சு. இந்தக் கதையை இன்னொரு நாள் விரிவா எழுதணும்.

2017-ல் அமெரிக்காவின் சரசோட்டா உலக சாம்பியன்ஷிப்பில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2000 மீட்டர் வந்தது. இதுக்கு எதிரா பேச ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தண்டுவடம் அடிபட்டவங்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியா வியர்க்காது. உடம்புச்சூடு சீக்கிரம் ஏறிடும். 5 நிமிடத்துக்குச் சற்று மேல் முடிஞ்ச பந்தயம் 10, 11 நிமிடம் இழுக்கும். பயம் நியாயமானதுதான். ஆனா பயத்துக்குப் பதில் ஐஸ் பையும் மருத்துவரும். பாதித் தூரம் இல்லை. எங்க மாஸ்டருக்கும் இதேதான் சொல்லியிருக்கணும்.

தூரம் கூடினதும் யார் யார் தாக்குப்பிடிச்சாங்கன்னு பார்த்தா ரெண்டு பேர் கதைதான் பெருசு. ஒருத்தர் நார்வேயின் பிர்கிட் ஸ்கார்ஸ்டைன். குளிர்காலத்தில் பாராலிம்பிக் பனிச்சறுக்கு, கோடையில் படகு. 2013, 2014-ல் உலக சாம்பியன். ஆனா ரியோவில் நாலாவது இடம். மூணாவது இடம் மோரன் சாமுவேலுக்கு. அதே கவிராத்தே பாட்டுக்காரம்மா! அவர் நாட்டுக்காகக் கூடைப்பந்து ஆடினவர். 24 வயசில் தண்டுவடத்தில் ஏற்பட்ட பக்கவாதத்தில் கால்கள் போயின.

முழுத்தூரம் வந்த பிறகு ஸ்கார்ஸ்டைன் 2018-ல் பிளவ்டிவ், 2019-ல் லின்ஸ்னு உலக சாம்பியன்ஷிப்பை அள்ளினார். 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் 11 நிமிடத்துக்குச் சில வினாடிகள் குறைவாக எடுத்துத் தங்கம். சாமுவேலுக்கு வெள்ளி, பிரான்சின் நத்தாலி பெனுவாவுக்கு வெண்கலம்.

2024 பாரிஸில் மறுபடியும் அதே மூணு பேர். இந்த முறை 42 வயசு சாமுவேல் முந்திட்டார். ஸ்கார்ஸ்டைனுக்கு வெள்ளி, பெனுவாவுக்கு மறுபடி வெண்கலம். முழு 2000 மீட்டர். தேசிய கீதத்தை இந்த முறை அவங்களே போட்டாங்க.