உப்பின் விலையும் சட்டத்தின் சமன்மையும்: அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டுச் சட்டம் குறித்து ஒரு நோக்கு

ஒரே பொருளை ஒரே விற்பனையாளரிடம் வாங்கும் இரு வணிகருக்கு இருவேறு விலை விதிப்பது முறையாகுமா? இவ்வினாவிற்கு அமெரிக்க ஐக்கிய நாடு சட்டத்தின்வழி விடை காண முயன்ற வரலாற்றை நாம் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

போட்டியைக் குலைக்கும் விலைப் பாகுபாட்டை 1914ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் தடைசெய்தது. எனினும், வாங்கும் அளவு வேறுபடுமாயின் விலையும் வேறுபடலாம் என்று அது இடமளித்தது. இவ்விலக்கு தொடர் அங்காடிகளுக்குப் பெருவாய்ப்பாயிற்று. 1859இல் தேயிலைக் கடையாகத் தோன்றிய ‘ஏ அண்ட் பி’ நிறுவனம் 1930 அளவில் 15,000க்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்டிருந்தது. தன் பெருங்கொள்முதலின் வலிமையால் அது பெற்ற தரகுக் கழிவும் விளம்பரப் படியும் சிறு மளிகைக் கடைக்காரருக்கு எட்டாதவையாயின.

இந்நிலையில், செனட்டர் ஜோசப் ராபின்சன், கீழவை உறுப்பினர் ரைட் பேட்மன் ஆகியோரின் பெயரால் வழங்கும் சட்டம் 1936 சூன் 19ஆம் நாள் நிறைவேறியது. மிகுதியாக வாங்குவோர்க்கு விலையைக் குறைக்கலாம். ஆனால், அக்குறைப்பு உண்மையான செலவுச் சேமிப்பின் அளவை விஞ்சலாகாது என்பதே அதன் உயிர்நாடி எனலாம். போட்டியாளரின் குறைந்த விலைக்கு நல்லெண்ணத்துடன் ஈடுகொடுப்பதற்கும் அது இடம் தந்தது.

இச்சட்டத்தின் உட்கருத்தை 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த மார்ட்டன் உப்பு வழக்கு தெளிவுறுத்துகின்றது. அந்நிறுவனத்தின் உயர்வகை உப்பு, சில்லறை அளவில் பெட்டி ஒன்றுக்கு 1.60 டாலராகவும், முழு இரயில் பெட்டியளவு வாங்குவோர்க்கு 1.50 டாலராகவும் விற்கப்பட்டது. பன்னிரண்டு மாதங்களில் 5,000 பெட்டிகள் வாங்கினால் 1.40 டாலர், 50,000 பெட்டிகள் வாங்கினால் 1.35 டாலர். இக்கழிவு யாவர்க்கும் பொதுவானது என்று நிறுவனம் வாதிட்டது. ஆயின், இறுதி விலையை எட்டியவை ஐந்தே தொடர் அங்காடிகள். ஏட்டளவில் பொதுவாயினும் நடைமுறையில் பொதுவன்று என நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.

இச்சட்டம் நுகர்வோர் செலுத்தும் விலையை உயர்த்துகின்றது என்னும் கண்டனமும் எழுந்தது. 1977இல் நீதித்துறையின் அறிக்கை இதனைக் குறைகூறியது. 2007இல் போட்டிச் சட்டச் சீரமைப்பு ஆணையம் இதனை நீக்கவே பரிந்துரைத்தது. அரசுத் தரப்பில் பல்லாண்டுகள் உறங்கிக்கிடந்த இச்சட்டம், 2024 திசம்பரில் கூட்டாட்சி வணிக ஆணையம் மதுபான விநியோக நிறுவனம் ஒன்றின்மீது தொடுத்த வழக்கால் மீண்டும் உயிர்பெற்றது.

நுகர்வோர் நலன் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், ஒரு விதி யாவர்க்கும் திறந்திருப்பது வேறு, யாவரும் அதனை எய்த இயல்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தியதே இச்சட்டத்தின் நிலைத்த பங்களிப்பு என்பது நம் துணிபு.