தங்கவயல் வழியே ஓசூருக்கு: ஒருநாள் கல்விச் சுற்றுலா

கல்விச் சுற்றுலா என்றதும் நம் பகுதி இளைஞர் மன்றங்கள் ஒகேனக்கல் அருவியையும் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவையும் நினைப்பது வழக்கமாகிவிட்டது. அருவி காணத்தக்கது, 1957ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் திறக்கப்பெற்ற அணையும் அறியத்தக்கதே. ஆயினும் தலைமைப் பயிற்சிக்கென வரும் இளைஞர்களுக்கு அவை போதா. அவர்கள் தம் முப்பாட்டனார் நடந்த வழியை ஒருமுறையேனும் கண்ணால் காணல் வேண்டும். அதற்கு ஒரே நாள் போதும். கிருஷ்ணகிரியில் தொடங்கி, வேப்பனப்பள்ளி வழியே எல்லை கடந்து, கோலார் தங்கவயலை அடைந்து, அங்கிருந்து மாலூர், பாகலூர் வழியே ஓசூருக்கு வந்து வீடு திரும்பலாம். வைகறையில் வண்டி புறப்பட்டாக வேண்டும். புளிசோற்றுப் பொட்டலத்துக்காகக் காத்திருந்தால் பாதி நாள் போய்விடும்.

முதல் பாடம் கிருஷ்ணகிரி மலையடியிலேயே உள்ளது. 1791இல் கும்பினிப் படை இக்கோட்டையைத் தாக்கித் தோற்றது. மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கும்பினியாரிடம் வந்து சேர்ந்தது. அலெக்சாந்தர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமசு மன்றோவும் 1792 முதல் 1799 வரை இங்கே நிலம் அளந்து தீர்வை விதித்த முயற்சியிலிருந்தே பிற்காலத்து இரயத்துவாரி முறை உருப்பெற்றது. உழவனுக்கும் அரசுக்கும் இடையில் எவருமில்லாத முறை என்று பள்ளிப் பாடம் அதனைப் பாராட்டும். ஆனால் பட்டாவில் பெயர் ஏறியவர் ஒருவர், புழுதியில் ஏர் பிடித்தவர் வேறொருவர் என்பது நம் சேரிகள் அறிந்த செய்தி. காகிதத்தில் பெயரில்லாதவனுக்குப் பஞ்சம் வந்தால் ஊரில் நிற்க என்ன பிடிமானம் இருக்கும்? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களை உலுக்கியது. (இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலத்தைச் சேர்ந்திருந்தது.) அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே எல்லைக்கு அப்பால் பூமிக்கடியில் கூலிவேலை காத்திருந்தது.

1880இல் சான் டெய்லர் கும்பினியார் தங்கவயல் சுரங்கங்களின் நிருவாகத்தை ஏற்றனர். அது முதல் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். சுரங்கத்தின் உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட தமிழரே. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியிழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறை தொடமுடியாத சூட்டில் இருக்கும். அழுத்தம் தாளாது திடீரென வெடிக்கவும் செய்யும். நம் அறிவியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி: 1965இல் வளிமண்டலத்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்று இச்சுரங்கத்தின் ஆழத்தில்தான் நடந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் வெளிவந்தது.

அதற்குக் கொடுத்த விலையையும் இளைஞர்கள் குறித்துக்கொள்ளட்டும். 1940க்கும் 1946க்கும் இடையில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, பாறைத்தூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிகோசிசு நோய் 3,402 பேருக்கு இருந்தது. பத்தில் நால்வருக்கு மேல்! சுரங்கத்தில் இன்று எவரும் இறங்க முடியாது. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபின் உள்ளே நீர் நிரம்பிவிட்டது. இறங்குகுழிகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களையும், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளையும் சாலையிலிருந்தே காணலாம்.

இத்துடன் வண்டியைத் திருப்பிவிடுவோரே மிகுதி. நான் சொல்ல வந்ததோ இனிமேல்தான் இருக்கிறது. நண்பகலை மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப் பகுதியிலும் கழிக்க வேண்டும். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர் 1907 சூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் உறுதிமிக்க கிளை இம்மாரிகுப்பத்தில் இயங்கியது. பூமிக்கடியில் உழைத்து ஏறிவந்தவர்கள் தம் கூலியிலிருந்து சந்தா அனுப்பினர். இதழை வாங்கியதோடு, எழுத்தறியாதார்க்கும் படித்துக் காட்டினர். 1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். இதழ் சிறிது காலத்தில் நின்றது. 1926இல் அதை மீண்டும் உயிர்ப்பித்தவர் ஜி. அப்பாதுரையார், உயிர்ப்பித்த இடம் தங்கவயல். சாம்பியன் ரீப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது. சென்னையின் பெரிய பதிப்பகங்கள் அவர் பெயரையே மறந்திருந்த காலத்தில் சுரங்கத் தொழிலாளர் நடுவே அவர் வாழ்ந்தார். 1930இல் கைரேகைப் பதிவு கட்டாயமென்ற ஆணையை எதிர்த்து அத்தொழிலாளர் பல்லாயிரவராய் வேலைநிறுத்தம் செய்தபோது அதனைத் திடீர்க் கொந்தளிப்பென்று சிலர் எண்ணியிருக்கலாம். கால் நூற்றாண்டாகக் கூடிப் படித்த மக்கள் கூடி நின்றதில் எனக்கு வியப்பில்லை.

பிற்பகலில் மாலூர்ச் சாலையைப் பிடித்தால் பொழுது சாயுமுன் ஓசூரை அடையலாம். தமிழ்நாடு சிப்காட் நிறுவனம் 1971இல் அமைந்தது. அதன்பின் இவ்வூரில் எழுந்த தொழிற்பேட்டையின் வரலாறு பலரும் அறிந்ததாகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980இல் டி.வி.எஸ். 50 வண்டி இங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்டு ஆலையும் வந்தது. பின்னர் டைட்டன் கைக்கடிகாரமும், அதே நிறுவனத்தின் தனிஷ்க் நகைத் தொழிற்சாலையும் வந்தன. தங்கம் தோண்டிய ஊர் மூடிக்கிடக்க, தங்கத்தை நகையாக்கும் ஊர் வளர்கிறது! தங்கவயல் தொழிலாளரின் பிள்ளைகளோ நாள்தோறும் விடியுமுன் இரயிலேறி வேலைக்குப் பெங்களூர் செல்கின்றனர்.

மாலைநேரப் பணிமாற்றத்தின்போது ஆலை வாயிலில் இளைஞர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். அன்றைய சுரங்கத் தொழிலாளி எழுத்தறிவும் குறைவு, கூலியும் குறைவு என்ற நிலையில் சங்கமும் இதழும் புத்தகசாலையும் நிறுவினான். ஐ.டி.ஐ.யும் பட்டயமும் படித்து இவ்வாயிலுக்குள் செல்லும் நாம் இதுவரை எவற்றை நிறுவியிருக்கிறோம்? திரும்பும் வழியில் வண்டிக்குள் விவாதம் சூடாகவே இருக்கும். இருக்கட்டும்; கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர் இருக்கிறது.

ஒரு வேலை மட்டும் மறுநாளே தொடங்க வேண்டியது. சுரங்கம் மூடும்வரை அதில் உழைத்தவர்கள் முதுமை எய்திவிட்டனர், பலர் இன்றில்லை. தங்கவயலுக்குச் சென்றுவந்த குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு. பெட்டியடியில் கிடக்கும் பணிச்சீட்டு, சம்பளச் சீட்டு, பழைய 'தமிழன்' தாள் ஆகியவற்றை இரும்புக்கடைக்கோ கறையானுக்கோ போகுமுன் கேட்டு வாங்கிப் படியெடுக்க வேண்டும். பயணத்திலேயே ஒவ்வோர் இளைஞருக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்துவிடலாம். முதல் பக்கத்தில் எழுதவேண்டியவை: பெரியவரின் பெயர், சொந்த ஊர், இறங்கிய சுரங்கம், முதன்முதலில் இறங்கிய வயது, வாங்கிய முதற்கூலி, தங்கவயலில் அவர் படித்த இதழ்.