ராமானுஜனுக்கு ஒரு பெயர்

இறந்தவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம். நோயாளி மறுத்துப் பேசமாட்டான். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அயர்லாந்து மனநல மருத்துவர் 2004ல் வெளியிட்ட புத்தகத்தில் விட்கென்ஸ்டைன், யேட்ஸ், லூயிஸ் கரோல் ஆகியோரோடு நம் ராமானுஜனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதித் தருகிறார்: ஆஸ்பெர்கர். நாடகக் கம்பெனி நடத்தி, செனட்டில் உட்கார்ந்து, ஆயுள் பூராவும் கமிட்டிகளில் சண்டை போட்ட யேட்ஸை அந்தப் பெஞ்சில் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் நம் இலக்கியக் கூட்டங்களிலும் இப்போது இது தீர்ந்துபோன விஷயம்போலச் சொல்லப்படுகிறது. ஆகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பெயருக்கே ஒரு சரித்திரம் உண்டு. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவின் குழந்தை மருத்துவர். 1944ல் வெளியான அவருடைய ஆய்வில் நான்கு சிறுவர்கள் வருகிறார்கள். பெரியமனிதத் தோரணையில் பேச்சு, ஏதோ ஒரு விஷயத்தில் கரைகாணாத ஈடுபாடு, பிறர் முகக்குறிப்பை வாசிக்கத் தெரியாமை. (1926லேயே மாஸ்கோவின் சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி ஏறக்குறைய இதையே எழுதிவிட்டார். பெயர் அவருக்குப் போகவில்லை.) ஜெர்மனில் கிடந்ததை 1981ல் லோர்னா விங் ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்தார். 1994ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெயர் ஏறியது. 2013ல் ஆட்டிசம் என்ற பெரிய வட்டத்துக்குள் கரைந்து நீங்கியது. 2018ல் ஹெர்விக் செக் என்ற சரித்திர ஆசிரியர் வியன்னாவின் பழைய ஆவணங்களைப் புரட்டி வெளியிட்டது கசப்பானது. நாஜிகளின் காலத்தில் ஷ்பீகல்கிரண்ட் என்ற இடத்துக்குக் குழந்தைகளை அனுப்பப் பரிந்துரைத்தவர்களில் ஆஸ்பெர்கரும் ஒருவர். அங்கே ஏறக்குறைய 800 குழந்தைகள் இறந்தன. இவன் தேறுவான், இவள் தேறமாட்டாள் என்று பிரித்த கையின் பெயரைத்தான் ஈரோட்டில் பிறந்தவரின் நெற்றியில் ஒட்டுகிறோம்.

சான்றுகளுக்கு வருவோம். 1916ல் கேம்பிரிட்ஜில் ராமானுஜன் நண்பர்களுக்கு விருந்து வைக்கிறார். மூன்றாம் முறை சூப் பரிமாற வந்தபோது அவர்கள் போதும் என்கிறார்கள். அவர் எழுந்து வெளியே போனவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார்; சில நாள் திரும்பவில்லை. இது விசித்திரமா? தன் கையால் சமைத்ததை விருந்தாளி வேண்டாம் என்றால் கும்பகோணத்துத் திண்ணையில் அது என்னவென்று கொள்ளப்படும் என்பது நமக்குத் தெரியாததா? டிரினிட்டி அறையில் ஓவர்கோட்டோடு குளிரில் நடுங்கிப் படுத்திருந்தார் என்பது இன்னொன்று. மெத்தைக்கடியில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வயதுவரை அநேகமாகப் பேசவில்லை, வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் சுவருக்குச் சுவர் வரிசையாக அடுக்கினார் என்ற பால்யச் செய்திகளை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. இருக்கலாம். ஆனால் தேநீர் குடித்தபடி அரசியலோ கணிதமோ பேசக்கூடிய மனிதர் என்று 1936ல் ஹார்வர்டில் சொன்ன ஹார்டி, ஐந்து வருஷம் கூட இருந்து பார்த்தவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெயர் எதுவும் இல்லாத காலத்தில் அவரை எப்படி வைத்துக்கொண்டார்கள்? எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். 1910ல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் ராமஸ்வாமி அய்யரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போகிறார். ஆத்தூரிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகக் கிழக்கே போனால் அந்த ஊர். அய்யர் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸில் இவரைப் புதைக்க மனமில்லாமல் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறார். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து தருகிறார். 1912 மார்ச் 1ல் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க்கு மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா. மேலதிகாரி நாராயணய்யர், கணிதம் படித்தவர், இரவில் ஆளுக்கொரு சிலேட்டுப் பலகையோடு எதிரே உட்கார்கிறார். ராமானுஜன் இரண்டு படியில் தாவுவதை எனக்குப் புரியும்படி பத்துப் படியாக எழுது என்று வற்புறுத்துகிறார். குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு மேலதிகாரியை நான் கண்டதில்லை.

இன்று சட்டம் உண்டு. 1999லேயே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016 சட்டத்தின் 21 வகைகளிலும் இருக்கிறது. தமிழில்தான் இடர்ப்பாடு. ‘மதியிறுக்கம்’ என்கிறோம். மதியா இறுகியிருக்கிறது? ‘புற உலகச் சிந்தனை அற்றோர்’ என்று அரசுத் தாள்கள் சொல்கின்றன. எங்கள் கிளைக்கு ஜவ்வரிசி ஆலைக் கணக்கர் ஒருவர் வருவார். டாக்டர் தந்த சான்றிதழ் அவரிடம் உண்டு. போன வருஷத்து சலான் எண்ணைக் கேட்டால் தேதியோடு சொல்வார். புற உலகம் அவருக்கு அற்றுப்போகவில்லை. சற்று அதிகமாகவே உள்ளே வருகிறது. டோக்கன் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறார். கவுண்டரை முன்னறிவிப்பின்றி மாற்றிய நாளில் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்புறம் பாக்கலாங்க” என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டு நிற்பார். இப்போது மாற்றம் எதுவானாலும் முதல்நாளே ஒரு துண்டுச் சீட்டில் நேரம், கவுண்டர் எண், பெயர் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சாடையாகப் பேசுவதில்லை. தோளில் கைபோடுவதில்லை. வேறு பெரிய உபாயம் எதுவும் தேவைப்படவில்லை.

கேம்பிரிட்ஜில் பலகையோடு எதிரே உட்கார ஹார்டி இருந்தார். கம்பளியைப் பற்றிச் சொல்ல, அங்கே படிக்கப் போயிருந்த மஹலனோபிஸ் வர வேண்டியிருந்தது. மாமியார் மருமகள் சண்டையில் வீட்டுக் கடிதங்கள் நின்றுபோனது ஹார்டிக்கு வெகுநாள் தெரியாது. யுத்த காலத்தில் மரக்கறி கிடைப்பது அருமை. தனக்குத்தானே சமைத்துக்கொண்டவர் பல நாள் சமைக்கவில்லை. 1917லிருந்து ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1919ல் ஊர் திரும்பி, அடுத்த ஏப்ரலில் சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.