நூறு மேட்ச் ஆடின ஸ்டாப்பர்

சுனில் சேத்ரி நூறாவது மேட்ச் ஆடினது நம்மில் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 2018 ஜூன் 4, மும்பை, எதிரணி கென்யா. திட்டணும்னாலும் மைதானத்துக்கே வந்து திட்டுங்கன்னு அவர் வீடியோ போட்டுக் கேட்டுக்கிட்டார். ஸ்டேடியம் நிறைஞ்சது, நாம எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டோம். ரொம்ப சந்தோஷம்.

சரி, இந்தியப் பெண்கள்ல முதன்முதலா நூறு சர்வதேச மேட்ச் ஆடினது யாருங்க?

யோசிக்காதீங்க, நானே சொல்லிடறேன். லோய்தோங்பம் ஆஷாலதா தேவி. 1993-ல் இம்பாலில் பிறந்தவர். 2024 அக்டோபர் 17, காத்மாண்டு, தெற்காசியக் கோப்பை, பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். இந்தியா 5-2ன்னு ஜெயிச்சது. அதே மேட்ச்ல பாலா தேவி தன்னோட 50-வது சர்வதேச கோலைப் போட்டார். எங்க டீக்கடை பெஞ்சுல இந்த இரண்டு சேதியுமே யாருக்கும் தெரியல.

பாலா தேவி கோல் போடறவங்க. அவங்க கணக்கு ஸ்கோர் அட்டையிலயே நிக்கும். ஆஷாலதா டிஃபெண்டர், நம்ம ஊர்ப் பசங்க பாஷையில ‘ஸ்டாப்பர்’. வராம தடுத்த கோலை யாரும் எண்ணி வைக்கறதில்லை. அதனால ஒரு ஸ்டாப்பரோட வரலாற்றை எழுதணும்னா அவர் ஆடின ஊர்களைத்தான் வரிசையா எழுதணும். ஆஷாலதா விஷயத்துல அந்த வரிசையே ஒரு கதை சொல்லுது.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். இந்தியாவில் பெண்கள் கால்பந்து நேத்து வந்த சமாச்சாரம் இல்லை. பெண்களுக்கான தனிச் சம்மேளனம் 1975-லயே வந்தாச்சு. 1980 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது எங்கன்னு நினைக்கறீங்க? பக்கத்துல, கோழிக்கோட்டுல! இறுதிப் போட்டியில தைவான்கிட்ட 2-0ன்னு தோத்து இரண்டாமிடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாமிடம். அதே வருஷம் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். ஃபிஃபா பெண்கள் உலகக் கோப்பையே 1991-ல் தான் ஆரம்பிக்குது, பார்த்துக்கோங்க.

அப்புறம்? அப்புறம் ஒண்ணுமில்லை. கோஷ்டி, பணமின்மை, அலட்சியம். 2009-ல் ரொம்ப நாளா மேட்சே ஆடலைன்னு ஃபிஃபா தரவரிசைப் பட்டியல்ல இருந்து இந்தியப் பெண்கள் அணியையே எடுத்துட்டாங்க. தோத்துப் பின்னாடி போறது வேற, ஆடாமலே காணாம போறது வேற. இந்த வெறுமைக்குள்ளதான் ஆஷாலதா தலைமுறை உள்ளே வருது.

நாட்டுல பெண்களுக்கு லீகே கிடையாது. கிளப் கால்பந்து ஆடணும்னா கடல் தாண்டணும். இங்கிலாந்து, ஸ்பெயின்னு கற்பனை பண்ணிடாதீங்க. மாலத்தீவு! அங்க நியூ ரேடியன்ட்னு ஒரு கிளப். முதல்ல பெம்பெம் தேவி போனார், பின்னாடியே பாலா தேவி, ஆஷாலதா. சில லட்சம் பேர் வாழற குட்டி நாட்டுல நம்ம பொண்ணுங்களுக்கு இடம் இருந்தது, நூறு கோடிக்கு மேல ஜனம் இருக்கற நாட்டுல இல்லை.

இந்தியப் பெண்கள் லீக் தொடங்கினது 2017-ல். முதல் சீசனோட இறுதிச் சுற்று மொத்தமே ஆறு அணி, டெல்லியில ஒரே மைதானம், ஜனவரி 28-ல் ஆரம்பிச்சு பிப்ரவரி 14-ல் முடிஞ்சுபோச்சு. எங்க பக்கத்துல கோயில் திருவிழாவே காப்புக் கட்டி இறக்க அவ்வளவு நாள் ஆகும் :-)

அடுத்து வர்றது நம்ம மதுரை. சேது எஃப்.சி. 2019 மே மாசம் லூதியானாவுல நடந்த இறுதிப் போட்டியில சேது அணி மணிப்பூர் போலீஸை 3-1ன்னு ஜெயிச்சு லீக் பட்டம் வாங்கினது. அந்த அணியோட தற்காப்புல ஆஷாலதா. அதாவது இம்பால் பொண்ணு, மதுரை கிளப்புக்காக, பஞ்சாப் வெயில்ல, சொந்த மாநிலத்து அணியை எதிர்த்து ஆடறாங்க. அதே 2019 மார்ச்ல பிராட்நகரில் அவர் தலைமையில் இந்தியா தெற்காசியப் பட்டம் வாங்கியிருந்தது. அந்த வருஷம் ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான கடைசி மூணு பேர் பட்டியல்ல சீனாவோட லீ யிங், ஜப்பானோட சாகி குமகாய், கூடவே ஆஷாலதா. விருது குமகாய்க்குப் போச்சு. உலகக் கோப்பை ஜெயிச்சவர், குறை சொல்ல முடியாது.

இனி வர்றதுதான் எனக்கு மனசு ஆறாத கட்டம். 2022 ஜனவரி, ஆசியக் கோப்பை இந்தியாவுல. ஆஷாலதா கேப்டன். இதுல நல்லா ஆடினா உலகக் கோப்பைக்கே வழி திறக்கும். நவி மும்பையில முதல் மேட்ச், ஈரானோட 0-0. அடுத்த மேட்ச் சீன தைபேயோட, ஜனவரி 23. அதுக்குள்ள அணிக்குள்ள கொரோனா பரவி, 13 பேர் தேறல. மேட்ச் ரத்து. விதிப்படி அணி விலகிடுச்சுன்னு கணக்கு, ஆடி முடிச்ச ஈரான் மேட்சும் செல்லாது. சொந்த மண்ணுல நடந்த போட்டியில, தோக்கறதுக்குக் கூட வாய்ப்பு இல்லாம போச்சு.

நாலு மாசம் கழிச்சு, மே 26, புவனேஸ்வர். இப்ப ஆஷாலதா கோகுலம் கேரளா அணியில. பட்டத்தைத் தீர்மானிக்கற ஆட்டத்துல எதிரே யாரு? அதே சேது! மூணாவது நிமிஷத்துலயே சேது முந்திடுச்சு. பெனால்டி கிடைச்சதும் பந்தை வெச்சு சமன் பண்ணது நம்ம ஸ்டாப்பர்தான். 3-1ன்னு கோகுலத்துக்குப் பட்டம்.

அந்தப் பட்டத்தை வெச்சு ஆகஸ்ட்ல ஆசிய கிளப் போட்டிக்கு கோகுலம் அணி உஸ்பெகிஸ்தான் போச்சு. தாஷ்கண்ட் போய்ச் சேர்ற நேரம், இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா தடை பண்ணிடுச்சு. நிர்வாகிகள் சண்டைக்குத் தண்டனை விளையாடறவங்களுக்கு. தடை நீங்கினது ஆகஸ்ட் 26-ந்தேதி. அதுக்குள்ள அவங்க மேட்ச் தேதிகள் போயே போச்சு. பந்தைத் தொடாமலே திரும்பி வந்தாங்க.

நிறைய ஊர் சுத்தின ஆட்டக்காரர்னு பொதுவா ஒரு பெருமையோட சொல்வோம். ஐரோப்பாவுல நல்ல சம்பளம் வந்தா கிளப் மாறுவாங்க. இங்க ஆட்டம் எங்க நடக்குதோ அங்க ஓடினாதான் ஆட்டம். பல வருஷம் லீகே ஒரு ஊர்ல கூடாரம் போட்டு சில வாரத்துல பிரிச்சுடற கதைதான். ‘சொந்த மைதானம், வெளி மைதானம்’னு முறையா ஆட ஆரம்பிச்சது 2023-24 சீசன்ல. ஆஷாலதாவுக்கு அப்ப வயசு முப்பது. அப்புறமும் நிக்கலை. கொல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால்ல சேர்ந்தார், 2024-25 சீசன்ல அந்த அணி முதல்முறையா லீக் ஜெயிச்சது.

சூரமங்கலத்துல இருக்கறதால சேலம் ஜங்ஷன் எனக்கு நடைதூரம். ட்ராக் சூட் போட்டு, தோள்ல பெரிய பையோட பொண்ணுங்க கூட்டமா ரயில் ஏறுறதை அடிக்கடி பார்ப்பேன். விளையாட்டுக் கோட்டாவுல ஒரு ரயில்வே வேலை கிடைச்சா போதும்னு வீட்டுல நினைப்பாங்க. தப்பே இல்லை, நிரந்தர வருமானம்னு வேற எதைக் காட்டறோம்? சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியா போய் வந்த கதை எங்க மாவட்டத்துல குழந்தைக்கும் தெரியும். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் மணிப்பூரை 2-1ன்னு சாய்ச்சு தேசிய சாம்பியன் ஆன கதை எத்தனை வீட்டுக்குப் போச்சு?

2025 ஜூலை 5, சியாங்மாயில் தாய்லாந்தை 2-1ன்னு ஜெயிச்சு இந்தியா 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று வழியாவே நுழைஞ்சது. இப்படி ஆடித் தகுதி வாங்கறது இதுதான் முதல் தடவை. அப்ப கேப்டன் ஸ்வீட்டி தேவி. அவரும் மணிப்பூர், அவரும் டிஃபெண்டர். ஆஷாலதா நின்ன இடத்துல அடுத்த ஆள் வந்து நிக்கறாங்க. 2009-ல் பட்டியல்லயே இல்லாத அணிக்கு இது சாதாரண விஷயம் இல்லைங்க.

கோல் கணக்கு தானா எழுதிக்கும். தடுத்த கணக்கை நாமதான் எழுதி வைக்கணும். உங்க மாவட்டத்துல இப்படி ஆடின அக்கா யாராவது இருந்தா நீங்களும் ஒரு பதிவு போடுங்க, படிக்கக் காத்திருக்கேன்.