கூடத்தில் நின்ற ஃப்ரிட்ஜ்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் 1980களில் முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வாங்கிய குடும்பங்களிடம், அதை வீட்டில் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஹாலில். டிவிக்குப் பக்கத்தில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற இடத்தில். மேலே பூவேலை செய்த துணி, கைப்பிடிக்குத் தனியாக ஓர் உறை, துணிமேல் பிளாஸ்டிக் பழக்கூடை. சமையலறைச் சாமான் ஒன்று கூடத்துக்கு வந்து நின்றதற்குக் காரணம் பெருமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். பெருமையும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீடுகள் எப்போது, யாருக்காக, என்ன கணக்கில் கட்டப்பட்டன என்று பார்த்தால் அந்த ஒரு சொல் போதாது.

குளிர்ந்த பொருளுக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்குவது ஃப்ரிட்ஜோடு வந்த பழக்கம் அல்ல. தண்ணீர்ப் பானை தாழ்வாரத்து மூலையில், நிழலும் காற்றும் படுகிற இடத்தில், ஈர மணல்மேல் உட்கார்ந்திருந்தது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். காற்று வராத அடுப்பங்கரையில் வைத்தால் அந்த வேலை நடக்காது. பாலும் தயிரும் வெண்ணெயும் விட்டத்தில் தொங்கிய உறிக்குப் போயின. எறும்பும் பூனையும் எட்டாத உயரம் அது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவே மூடிவைத்தார்கள். பானை காற்றைக் கேட்டது, உறி உயரத்தைக் கேட்டது. பொருளின் வேலையே அதன் இடத்தைத் தீர்மானித்த காலம் அது. வீடு கட்டியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

சென்னையில் குளிருக்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது 1842இல். பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களில் பனிக்காலத்தில் உறையும் நீரை அறுத்தெடுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி உலகெங்கும் விற்றவர். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். பின்னர் மெட்ராஸுக்கும் அது வந்தது. ஏறக்குறைய நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு மிஞ்சிய பனிக்கட்டியைக் காப்பாற்றி வைக்கக் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1870களில் இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கப்பல் ஐஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அந்தக் கட்டடத்தை வாங்கி வீடாக மாற்றினார். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். மெட்ராஸின் முதல் குளிர்ப்பெட்டிக்கு ஒரு முழுக் கட்டடமே இடமாகக் கிடைத்தது. மேற்குப் புறநகர் வீடுகளுக்கோ, ஐஸ் என்றால் கல்யாணத்துக்கும் சோடாக் கடைக்கும் சாக்கில் சுற்றி, மரத்தூள் தூவி, வண்டியில் வருகிற பாளம். வீட்டுக்குள் அதற்கு இடம் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

தேவை எழப்போகிற ஆண்டுகளில்தான் அந்த ஊர்களே உருமாறின. டி.ஐ. சைக்கிள்ஸ் 1951இல் அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1961இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டுமே! கனரக வாகனத் தொழிற்சாலைக்கென்று குவார்ட்டர்ஸ் நகரமே உருவானது. 1961இல் பிறந்த வீட்டு வசதி வாரியம் ஊர் ஊராகக் குடியிருப்புகளைக் கட்டிக்கொண்டு போனது.

இதே சில ஆண்டுகளுக்குள், 1958இல், கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. தொழிலாளியின் வீடும் இந்திய ஃப்ரிட்ஜும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் ஒன்றுக்குள் மற்றொன்று வந்து சேரும் என்று வரைபடம் போட்ட எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. சிறிய குவார்ட்டர்ஸ் என்றால் இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மேடை, அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தரை, அண்டா குண்டானுக்கு லாஃப்ட். மின்சாரம் என்பது ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச். வெளிநாட்டில் கதை தலைகீழ். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ‘மானிட்டர் டாப்’ 1927இலேயே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், அடுப்பு, கழுவும் தொட்டி, ஃப்ரிட்ஜ் மூன்றுக்கும் இடையே சமைப்பவர் எத்தனை தூரம் நடக்கிறார் என்று கணக்குப் போட்டுச் சமையலறைக்கு இலக்கணம் வகுத்தார்கள். அங்கே ஃப்ரிட்ஜை நடுவில் வைத்து வீட்டை யோசித்தார்கள். இங்கே கட்டி முடித்த வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் விருந்தாளியாக வந்தது. விருந்தாளி உட்காரும் இடம் கூடம்தானே.

வந்ததும் மெதுவாகத்தான் வந்தது. ஆடம்பரப் பொருள் என்று அரசு அதன்மேல் கனமான கலால் வரி போட்டிருந்தது. கெல்வினேட்டர், கோத்ரெஜ், ஆல்வின் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள். பெரும்பாலும் 165 லிட்டர், ஒற்றைக் கதவு. 1965இல் மயிலாப்பூரில் தொடங்கிய விவேக்ஸும், 1978இல் தொடங்கிய வசந்த் அண்ட் கோவும் மாதச் சம்பளக்காரர்களுக்கு அதை எட்டவைத்த கடைகள். தீபாவளி போனஸில் முன்பணம், மீதி தவணையில் என்று ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. ஜனவரி முதல் தேதி விவேக்ஸ் தள்ளுபடிக்கு விடியுமுன்பே வரிசையில் நின்றவர்களில் புறநகர்க்காரர்களும் உண்டு.

வண்டியிலிருந்து இறக்கியதும் முதல் கேள்வி: எந்தப் பிளக்கில் சொருகுவது? 15 ஆம்பியர் பவர் பிளக் அன்றைய சிறிய வீடுகளில் ஒன்று இருந்தால் அதிகம். அதுவும் ஹாலிலோ படுக்கையறையிலோதான் இருக்கும். இரண்டாவது, புகையும் சூடும். அக்கால ஃப்ரிட்ஜின் முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அதுதான் வெளியே விடுகிறது. சுவரை ஒட்டி வைத்தாலோ ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்தாலோ கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கரண்ட் பில் ஏறும். ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்று போகிற இடத்தில் வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். எட்டடிக்கு ஆறடிச் சமையலறையில் அந்த ஒரு சாண் எங்கே கிடைக்கும்? மூன்றாவது, ஸ்டெபிலைசர். மாலை ஆறு மணிக்குத் தெருக்கோடி வீடுகளில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் ஆணியடித்து ஸ்டெபிலைசரை மாட்ட வேண்டும்; அது டக்டக்கென்று சத்தம் போடுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து அதைக் கூடத்துக்குத் தள்ளின. பெருமை அதன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கூடத்தில் இருந்ததால் அது தெருவுக்கும் பொதுவாயிற்று. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அடிபட்டால் ஐஸ் கேட்டு வருவார்கள். எதிர்வீட்டுப் பெரியவரின் இன்சுலின் ஒரு தட்டில் இருக்கும். நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய மல்லிகைச் சரம் ஈரத்துணி சுற்றி இன்னொரு தட்டில் இருக்கும். விருந்தாளி வந்தால் பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஐஸ் தண்ணீர். இதற்கெல்லாம் கூடம் பொருத்தமான இடம்தான். கதவைத் தட்டுகிறவர் அடுப்படி வரை வர வேண்டியதில்லை.

ஆனால் இந்த வசதிக்கு விலை கொடுத்தவர் சமைக்கிற பெண். இதைத்தான் அந்தப் பழைய நினைவுகளில் யாரும் சொல்வதில்லை. ஃப்ரிட்ஜ் வந்ததும் சமையலின் கால அட்டவணையே மாறியது. தினமும் அரைத்த இட்லி மாவை வாரத்துக்கு இரண்டு முறை அரைத்தால் போதும் என்றாயிற்று. காலையில் வாங்கிய ஆவின் பால் பாக்கெட் மாலைவரை கெடாது; அந்தப் பாலைப் பாக்கெட் போடும் பண்ணைகளில் ஒன்று அம்பத்தூரிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் திங்கள்கிழமைக்கும் வந்தது. ஆக, ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை திறக்கிற பெட்டி அது. ஒவ்வொரு தடவையும் அடுப்பை விட்டு, கூடத்தில் செய்தி பார்க்கிறவர்களைத் தாண்டி, மாவுத் தூக்கோடு போய் வர வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்ணுக்கு அந்த நடை சின்ன விஷயமல்ல. இல்லினாயில் அளந்தது இந்த நடையைத்தான். இங்கே அதை எவரும் அளக்கவில்லை என்பது நியாயமே இல்லாத புறக்கணிப்பு.

1970களின் பிற்பகுதியிலிருந்து உலக வங்கிக் கடனுதவியோடு வில்லிவாக்கத்திலும் பின்னர் முகப்பேரிலும் மனைகளும் அடிப்படை வசதிகளும் தரும் திட்டங்கள் வந்தன. ஏழைக் குடும்பங்களுக்குச் சின்னஞ்சிறு மனை. கையில் காசு சேரச் சேர வீட்டை வளர்த்துக்கொள்ள வேண்டும். அப்படி வளர்ந்த குறுகலான வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோண இடம் ஃப்ரிட்ஜுக்கு வாய்த்தது. கூடமும் அடைபடாது, அடுப்புச் சூடும் படாது. அரசு வரைபடம் தராத விடையை மேஸ்திரியும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். வாஸ்து பார்க்கிறவர்கள் தங்கள் பங்குக்கு விதி சேர்த்தார்கள்: அடுப்பு தென்கிழக்கில், அதாவது அக்னி மூலையில், கனமான பெட்டி வடகிழக்கில் கூடாது. நூல்கள் எழுதப்பட்டபோது இல்லாத பொருளுக்கு விதி சொல்ல வேண்டிவந்ததால் ஆளுக்கொரு திசை சொன்னார்கள்.

1990களில் நிலைமை புரண்டது. வேர்ல்பூல் கெல்வினேட்டரின் இந்தியத் தொழிலை வாங்கியது. சாம்சங்கும் எல்ஜியும் வந்தன. தெருவில் எல்லார் வீட்டுக்கும் ஃப்ரிட்ஜ் வந்தபின் அதைக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. முகப்பேரிலும் கொரட்டூரிலும் அயப்பாக்கத்திலும் எழுந்த அடுக்குமாடி வரைபடங்களில் சமையலறை வாசலருகே ஒரு சிறு சதுரம் தென்படலாயிற்று. பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். ஆனால் அதே காலத்தில் சமையல் மேடையும் நிரம்பிவந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் தந்தபோது அவற்றுக்கும் இடம் வேண்டியிருந்தது. சின்னச் சமையலறைகளில் கிரைண்டர் உள்ளே வர, ஃப்ரிட்ஜ் மறுபடி வாசலுக்கு வெளியே நகர்ந்தது.

பிறகு வெள்ளம். 2015 டிசம்பரில் கொரட்டூர், அம்பத்தூர், முகப்பேர் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே மூழ்கியது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் இருப்பது அடியில். முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், பெட்டி வீண். ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த இந்தப் புறநகரில் ‘எந்தச் சுவர்’ என்ற கேள்வியோடு ‘எவ்வளவு உயரம்’ என்பதும் சேர்ந்துகொண்டது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் சிலர் சக்கர ஸ்டாண்டை எடுத்துவிட்டு, செங்கல் வைத்துக் கடப்பா கல் பதித்த சிறு மேடை கட்டி, அதன்மேல் ஃப்ரிட்ஜை ஏற்றினார்கள்.

இப்போது வந்திருப்பது பெட்டியே பெருத்துப்போன காலம். ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜும் தயாராகிறது. பூந்தமல்லிக்காரருக்கு அது பெங்களூரு நெடுஞ்சாலையில் கூப்பிடு தூரம். 2018 ஜூலையில் ஃப்ரிட்ஜ் மீதான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஒரு பக்கம் ஃப்ரீசர், மறுபக்கம் ஃப்ரிட்ஜ் என்று இரண்டு கதவும் நெடுக இறங்கும் ‘சைட் பை சைடு’ பெட்டி சுமார் 91 சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஆறடி உயரம். எடையும் நூறு கிலோவை ஒட்டி வரும். இரண்டரை அடிச் சமையலறைக் கதவு அதற்குப் போதாது. பழைய குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பாது. கொண்டுவருகிற ஆட்கள் ஃப்ரிட்ஜின் கதவுகளைக் கழற்றி, நிலைக்கதவையும் கழற்றி உள்ளே ஏற்றுகிறார்கள். உள்ளே வந்தபின்னும் சுவரோரத்தில் ஒரு பக்கக் கதவு முழுதாகத் திறக்காமல், காய்கறி டிரேயை வெளியே இழுக்க முடியாமல் நிற்கும் வீடுகள் உண்டு.

கடையில் கதவைத் திறந்து பார்ப்பதோடு நிற்காமல் வீட்டிலும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். வாசல், படித்திருப்பம், சமையலறை நிலை மூன்றையும் அளந்த பிறகு, கதவு திறந்த நிலையில் முன்னால் ஓர் ஆள் குனிய மூன்றடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாலும் மேலேயும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது பெட்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். இன்றைய பெட்டிகளில் வெப்பம் விடும் குழாய் பலவற்றில் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடு என்று பயப்படுகிறவர்கள், அதை அலமாரிக்குள் இறுக்கிச் செருகக் கூடாது என்பதைக் கவனிப்பதில்லை.

திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கம் தனிவீடு கட்டுகிறவர்கள் சிலர் இதை அடித்தளத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுச்சுவரில் மூன்றரை அடிக்குக் குறையாத ஒரு குழிவு, மேலே காற்றுப் போக வழி, தரையிலிருந்து அரையடி உயர்த்திய மேடை, தனி எம்சிபி போட்ட 16 ஆம்பியர் பிளக். கதவு அடுப்புப் பக்கம் திறக்க வேண்டுமா, சாப்பாட்டு மேசைப் பக்கமா என்பதைச் சமைக்கிறவரிடம் கேட்ட பிறகுதான் மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போடுகிறார்.