திண்ணைப் பள்ளியின் பெருக்கல்

நாற்பத்தேழு என்னும் எண்ணைத் தமிழ் ஏட்டில் ௪௰௭ என்று எழுதினர். நான்கு, பத்து, ஏழு என்பன அக்குறிகள். வாய் சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதியது. திண்ணைப் பள்ளிகளின் பெருக்கல் முறை இதனை அடியொற்றி அமைந்ததாகும்.

எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வலக்கோடியில் தொடங்கிப் பெருக்குவது இன்றைய பள்ளிமுறை. இடமதிப்பும் சுழியமும் இன்றி அது இயங்காது. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி கொண்ட பழந்தமிழ் எழுத்துக்கோ, பகுத்துப் பெருக்குதலே இயல்பு. 23ஐ 47ஆல் பெருக்க வேண்டின், இருபது நாற்பது 800. இருபது ஏழு 140. மூன்று நாற்பது 120. மூன்று ஏழு 21. கூட்ட 1081. இவை யாவும் நினைவிலேயே நிகழ்ந்துவிடுவதால் ஏட்டில் ஏறுவது விடை மட்டுமே.

அந்நினைவை வளர்த்த நூல் எண்சுவடி. சட்டாம்பிள்ளை முன்சொல்ல, சிறுவர் பின்சொல்லிப் பயின்றனர். மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தையும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். முறை கடல்கடந்தது, எண்சுவடி இங்கேயே தங்கிற்று.

எண்சுவடியின் உண்மையான அழகு கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பின்னங்களில், விளங்குகிறது. 320இல் ஒன்று முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா கால். காலைக் காலால் பெருக்கினால் பதினாறில் ஒன்று. அதன் பெயர் மாகாணி. இருபதில் ஒன்றாகிய மாவும் எண்பதில் ஒன்றாகிய காணியும் சேர்ந்தால் பதினாறில் ஒன்றே வருதல் காண்க. கூட்டல் கணக்கொன்று ஒரு சொல்லாகவே உறைந்துவிட்டது! முக்காலை முக்காலால் பெருக்கின் அரையே மாகாணி. மேலெண், கீழெண் என்ற இரண்டடுக்கு இங்கே இல்லை. விடை பேச்சாகவே பிறக்கிறது. இதனை வெறும் மனப்பாடம் என்று இகழ்வோர் உளர். எவ்வெண்ணை எங்கே பகுப்பது என்பதை எந்த வாய்பாடும் சொல்லித் தருவதில்லை என்பதை அவர் கருதுவதில்லை.

நிலமளக்கும் கணக்கர்க்கு இது நாள்தோறும் வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக் கோல் சதுரமான நிலத்துக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு 144, பன்னிரண்டரை இருமுறை ஆறாறாக 12, அரைக்கரை கால். ஆக, 156¼ குழி. இத்தகைய இருபடிகளுக்கென்றே குழிமாற்று என்னும் தனிச்சுவடி இருந்தது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற தஞ்சை வழக்கில், வேலியின் இருபதில் ஒன்று மா ஆதலின் அளவின் பெயரும் பின்னத்தின் பெயரும் ஒன்றாயின. கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரம் இவ்வளவைகளைச் செய்யுளில் வைத்தது. கணக்கைப் பாவலரும் பாவைக் கணக்கரும் அயலாகக் கருதாத காலம் அது.

1957 ஏப்ரல் 1 அன்று பதினாறணா ரூபாய் நூறு புதிய காசுகளாயிற்று. ரூபாயில் ஓரணா வீசமாக, அதாவது அதே மாகாணியாக, இருந்தவரையில் அச்சொல்லுக்குக் கடைத்தெருவில் வேலை இருந்தது. காலும் அரையும் முக்காலும் இன்றும் நாவில் உள்ளன. மாகாணிக்கு அகராதி பதினாறில் ஒன்று என்று பொருள் கூறுகிறது.