எட்டுக்கு ஒன்றுக்கு முன்னால் ஒரு நாலுக்கு ஒன்று

பள்ளிக்கூடத்தில் க்விஸ் போட்டிக்காக மனப்பாடம் செய்த ஸ்கோர் இது: 1936, பெர்லின் ஒலிம்பிக்ஸ், ஹாக்கி இறுதி ஆட்டம், இந்தியா 8, ஜெர்மனி 1. அதோடு ஹிட்லர் தியான் சந்துக்குப் பதவி கொடுக்கிறேன் என்றாராம் என்ற கதையும் ஒட்டிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது, அதே ஊரில் நான்கு வாரம் முன்னால் நடந்த இன்னொரு ஆட்டம்.

தியான் சந்தின் சுயசரிதை 'கோல்' 1952-ல் நம்ம சென்னையிலிருந்துதான் வந்தது. 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வெளியீடு. மூன்று தங்கம் வாங்கிய மனிதர், தோற்ற ஆட்டங்களை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'தேசிய அணி' என்கிறோம், தேசமே இன்னும் கையில் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரில் போகிறார்கள். ராணுவம், ரயில்வே, சமஸ்தானம் என்று ஆளுக்கொரு எஜமான். லீவு கிடைத்தால்தான் வர முடியும். நன்கொடை திரட்டித்தான் அணியை அனுப்பவே முடிந்தது. மாதக்கணக்கில் பயிற்சி முகாம் என்பதெல்லாம் பின்னால் வந்த வசதி.

ஜூன் 16-ல் அணி டெல்லியில் ஒன்றுகூடியது. உள்ளூர் டெல்லி அணியோடு ஆடி 4-1 என்று தோற்றது. உலக சாம்பியன்களுக்கு இது நல்ல சகுனமா? ஆனாலும் நேரம் இல்லை. ஜூன் 27-ல் பம்பாயில் 'ரன்புரா' கப்பல் ஏறினார்கள். ஜூலை 10-ல் மார்செய், 13-ல் பெர்லின். கிட்டத்தட்ட இரண்டு வாரம் புல்தரையே கண்ணில் படாத பயணம்.

இறங்கிய நாலாம் நாள், ஜூலை 17, ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். மறுபடியும் 4-1. மறுபடியும் தோல்வி!

பயணக் களைப்பு ஒரு காரணம்தான். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று அடித்தோம். அந்த ஒலிம்பிக்ஸ் ஹாக்கியில் மொத்தமே மூன்று அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. பொருளாதார மந்தத்தில் ஐரோப்பிய அணிகள் ஒன்றுகூட வரவில்லை. ஆக, 1928-ல் வெண்கலம் வாங்கிய ஜெர்மனி அதற்குப் பிறகு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒலிம்பிக் மைதானத்தில் பார்க்கும் வாய்ப்பே எட்டு வருடமாக இல்லை. 24 கோல் நம்மைப் பற்றிச் சொன்னதைவிட, எதிரில் யார் இல்லை என்பதைத்தான் அதிகம் சொன்னது.

சரி, தோற்றபின் என்ன செய்தார்கள்? கேப்டன் தியான் சந்த், மேனேஜர் ஜகந்நாத், உதவி மேனேஜர் பங்கஜ் குப்தா உட்கார்ந்து பேசினார்கள். குறை எங்கே என்று பார்த்தால், முன்வரிசையில் ரைட்-இன் இடத்தில் கண்ணி அறுகிறது. அந்தக் காலத்து ஆட்டத்தில் ஐந்து முன்வரிசைக்காரர்கள். நடுவில் நிற்பவர் மந்திரவாதியாகவே இருந்தாலும், பக்கத்து ஆள் பந்து கொடுக்காவிட்டால் என்ன செய்வார்? அணியோடு கப்பலேறாத தாராவை உடனே அனுப்பச் சொல்லி இந்தியாவுக்குத் தந்தி போனது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'பயிற்சி ஆட்டம்தானே' என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். கையில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள்? அப்படிச் சொல்லாமல், எங்களுக்கு ஆள் போதவில்லை என்று ஊருக்குத் தந்தி அடிக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

தாரா வந்து சேர்வதற்குள் ஹங்கேரி 4-0, அமெரிக்கா 7-0, ஜப்பான் 9-0 என்று முடித்துவிட்டார்கள். அவர் விமானத்தில் வந்து இறங்கியது பிரான்ஸுடனான அரையிறுதிக்கு: 10-0. இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளி ஆகஸ்ட் 15-க்குப் போனது. அன்று ஆட்டத்துக்கு முன், உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, எல்லாரும் அதற்கு வணக்கம் வைத்தார்கள். அறைக்கு வெளியே அவர்களுக்கு வேறு கொடி.

ஈரத்தரையில் இடைவேளை வரை 1-0 தான். ஜூலை 17 எல்லார் மனசிலும் வந்துபோயிருக்கும். அப்புறம் தியான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு ஆடினார். இரண்டாம் பாதியில் ஏழு கோல். தாரா பேரிலும் கோல் இருக்கிறது. அந்த ஒலிம்பிக்ஸ் முழுக்க நாம் வாங்கிய ஒரே கோல் ஜெர்மனி அன்று போட்டதுதான்.

ஒலிம்பிக் முடிவுகளின் பட்டியலில் அந்த ஜூலை 17 ஆட்டம் இருக்காது. பயிற்சி ஆட்டம் பட்டியலில் ஏறுமா என்ன? ஆனால் தோல்விக்கும் தங்கத்துக்கும் இடையில் இருந்த 29 நாளில்தான் அந்த அணி நிஜமாகத் தயாரானது என்று நினைக்கிறேன். இனி யாராவது உங்களிடம் 8-1 பெருமை பேசினால், அந்த 4-1 என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.